லியாகத் அலி பாய்க்கு நான் போட்ட நாலு சைபர்

மனிதர்களின் ஞாபகத்துக்கு மார்க் போடும் வேலையை மூன்று மாதம் பார்த்தவள் நான். அதில் ஒருவருக்கு வரிசையாக நாலு சைபர் போட்டேன். சந்தேகமே வரவில்லை. அழகாக, உருண்டையாகத்தான் போட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. அவர் பெயர் லியாகத் அலி, ராயபுரத்துக்காரர். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் புத்திசாலித்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1999-ஐ முதியோர் ஆண்டு என்று உலகம் முழுக்க அறிவித்திருந்தார்கள். அந்த டிசம்பரில் சென்னையில் ஒரு சர்வதேச மாநாடு நடப்பதாக இருந்தது. வயதான காலத்தில் ஆரோக்கியமாக இருப்பது எப்படி என்று பேச பதினோரு நாட்டு டாக்டர்கள் வருகிறார்கள் என்றார்கள். மாநாடு என்னவோ கிண்டிப் பக்கம் ஒரு நட்சத்திர ஓட்டலில்தான். ஆனால் மேடையில் புள்ளிவிவரம் காட்ட வேண்டுமே, அதற்குக் கிழவர்கள் வேண்டுமே. அதற்கு மட்டும் வடசென்னை ஞாபகம் வந்துவிட்டது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று அறுபது வயது தாண்டிய முந்நூறு பேரைச் சோதித்துக் கட்டுரை எழுதும் பொறுப்பு டாக்டர் வேதமாணிக்கத்துக்கு வந்தது. அவரிடம் வேலைக்குச் சேர்ந்த நாலு பேரில் நான் ஒருத்தி. பெயர் யசோதரா, வீடு வியாசர்பாடி. சமூகப்பணி படித்துவிட்டு, எனக்குத் தெரியாதது உலகத்தில் கொஞ்சம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது.

சோதனை முகாமை சாயங்காலம் வைத்துக்கொண்டோம். பகலில் வைத்தால் எங்கள் பக்கத்தில் ஒரு கிழவரும் வர மாட்டார். ஒருவர் காவல் வேலைக்குப் போயிருப்பார், இன்னொருவர் மச்சினன் கடையில் உட்கார்ந்திருப்பார், மூன்றாமவர் ரேஷனில் நிற்பார். ஓய்வு பெற்றவர்கள் என்று காகிதத்தில்தான் எழுதியிருக்கும். எனவே ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூட அறையில் ஆறு மணிக்கு மேல் மேசை போட்டோம்.

விதிமுறை கறாரானது. கேள்வியை அச்சில் உள்ளபடியே படிக்க வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது. பதில் சரியா தப்பா என்று முகத்தில் காட்டக் கூடாது. முதல் நாலு கேள்விகள் முக்கியமானவை: இன்று என்ன கிழமை, என்ன தேதி, என்ன மாதம், என்ன வருடம்? இந்த நாலில் மூன்று தப்பானால் மறதி நோய் சந்தேகம் என்று குறித்துவிட வேண்டும். வீட்டாருக்கு டாக்டரின் ஆராய்ச்சி மையத்திலிருந்து கடிதம் போகும்.

செப்டம்பர் 23, வியாழக்கிழமை. அன்றைக்கு என் மேசைக்குப் பதினோராவது ஆளாக வந்தவர் லியாகத் அலி பாய். அறுபத்தாறு வயது. வெள்ளைச் சட்டை, கைலி, தலையில் தொப்பி. மஃரிப் என்கிற அந்தித் தொழுகையை முடித்துக்கொண்டு நேராக வந்தேன் என்று சொல்லித்தான் உட்கார்ந்தார். அதைக் காதில் வாங்கினேன், மண்டையில் வாங்கவில்லை.

என்ன கிழமை என்றேன். வெள்ளி என்றார். என்ன தேதி? பதிமூன்று. என்ன மாதம்? கந்தூரி மாதம் என்றார். மாதத்தைக் கேட்டால் மனிதர் திருவிழாவைச் சொல்கிறாரே என்று பரிதாபப்பட்டேன். வருடம் கேட்டதற்கு இருபது என்றார். இருபதாம் நூற்றாண்டு முடியப் போகிறது என்பதைத்தான் குழப்பிச் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன். நாலுக்கும் சைபர். குறிப்பு எழுதும் இடத்தில், 'பேச்சு தடம் மாறுகிறது' என்று என் சொந்தக் கண்டுபிடிப்பையும் சேர்த்தேன். பாய் எழுந்து, போய்ட்டு வரேன்மா என்று சிரித்துவிட்டுப் போனார். பாவம், அந்தச் சிரிப்பையும் நோயின் கணக்கில்தான் சேர்த்தேன்.

அந்த மனிதர் யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டதை இப்போது சொல்கிறேன். துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் சிக்னல்மேனாக இருந்தவர். கப்பலின் அடிவயிற்றில் ஆட்கள் சரக்கைக் கட்டுவார்கள். மேலே வின்ச் ஓட்டுகிறவனுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. நடுவில் விளிம்பில் நின்று, தூக்கு, நிறுத்து, இறக்கு என்று கையாலேயே சொல்கிறவர் இவர். கை ஒருமுறை பிசகினால் கீழே இருப்பவன் தலை போய்விடும். முப்பத்தோரு வருடத்தில் அவர் கையை நம்பிக் கீழே இறங்கிய ஒருவனும் அடிபட்டதில்லை. இதை அவர் என்னிடம் பெருமையாகச் சொல்லவில்லை. அவரோடு வேலை பார்த்த ராசையா சொன்னார்.

மனைவி ஜீனத்தும் அவரும் ஹஜ்ஜுக்குப் போக வேண்டும் என்று கல்யாணமான புதிதிலிருந்தே பேசிக்கொண்டிருந்தவர்கள். மகள்களைக் கட்டிக்கொடுத்து, மகன் அத்னான் எம்.சி. ரோட்டில் ரெடிமேட் கடை வைத்து, எல்லாம் ஒரு வழியாக ஒழுங்காகி, இனிமேல் விண்ணப்பம் போடலாம் என்ற வருடத்தில் ஜீனத் இறந்துபோனார். நாலு வருடம் கழித்து பாய் தனக்கு மட்டும் விண்ணப்பம் போட்டார். பட்டியலில் பெயரும் வந்துவிட்டது. வருகிற பிப்ரவரியில் பயணம். தெருவில் துணைக்கு வருகிறவர்கள்கூட முடிவாகிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் அவர் வீட்டுக்கு எங்கள் மையத்தின் கடிதம் போய்ச் சேர்ந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் சனிக்கிழமை. சந்தேகப் பட்டியலில் இருப்பவர்களின் வீட்டுக்குப் போய் நிலைமையை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. குடையும் கோப்புமாகப் பாய் வீட்டுக்குப் போனேன். கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. மருமகள் கடைக்குப் போயிருக்கிறாள், இப்போது வந்துவிடுவாள், கொஞ்சம் நில்லும்மா என்று உள்ளிருந்தே சொன்னார். பூட்டிய வீட்டுக்குள் இருப்பவர் வெளியே மழையில் நிற்கிறவளுக்காக வருத்தப்பட்டார்.

மருமகள் ரூஹி பால் பாக்கெட்டோடு வந்து பூட்டைத் திறந்தாள். நல்ல பெண், மாமனாரை இப்படிப் பூட்டி வைப்பது அவளுக்கே பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கடிதம் வந்ததிலிருந்து மூன்று வாரமாக இப்படித்தான் என்றாள். தனியே வெளியே அனுப்ப வேண்டாம் என்று இங்கிலீஷில், சீல் வைத்து எழுதியிருக்கிறதே. காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போவது நின்றது. ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போனவரை இப்போது அத்னான் நேரம் கிடைத்தால் மட்டும் கூட்டிப் போகிறான். தீபாவளிக் கூட்டத்தில் கடையை விட்டு வர முடியாததால் சிறப்புத் தொழுகை நடக்கிற மிஹ்ராஜ் ராவுக்குக்கூட அவர் போகவில்லை. சட்டைப் பையில் பெயர், விலாசம் எழுதிய சீட்டு ஒன்றை ஊசி குத்தி வைத்திருந்தார்கள். பாஸ்போர்ட்டை அத்னான் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். திங்கட்கிழமை காலையில் ஹஜ் கமிட்டிக்குப் போய் வாப்பா பெயரை எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுக்கப் போகிறான்.

அத்னானைத் திட்டலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவன் பயம் நியாயமான பயம். மினாவில் இருபது லட்சம் பேர் கூடுகிறார்கள், கூடாரமெல்லாம் ஒரே மாதிரி வெள்ளை. திடமாக இருக்கிறவர்களே வழி தவறிப் போகிற இடம். இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாத அப்பாவை எந்த மகன் அங்கே அனுப்புவான்?

பாய் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் பார்த்த ஆள் இல்லை. சுருங்கியிருந்தார். எதைச் சொன்னாலும் சொல்லி முடித்த பிறகு, சரிதானே என்பதுபோல் ரூஹியைப் பார்த்தார்.

"நானும் பாத்துக்கினுதான் கீறேன்மா. முந்தாநேத்து கண்ணாடிய எங்க வெச்சேன்னு வூடெல்லாம் தேட்னேன். தலமேலயே கீது. நெஜமாவே போய்க்கினு கீதுபோல" என்றார்.

என் அப்பா பகலவன் வாரத்துக்கு மூன்று முறை கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு தேடுகிறவர். அவரை யாரும் பூட்டி வைக்கவில்லை. அப்போதுதான் முதல் முறையாக நான் போட்ட சைபர் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

பிறகு பாய் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். மூன்று வாரமாக இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"நான் எதம்மா தப்பா சொன்னேன்? அத்த மட்டும் சொல்லு. தெரிஞ்சுக்கினா அடங்கிடுவேன்."

சோதனைத் தாளை யாருக்கும் காட்டக் கூடாது என்பது விதி. அந்த விதியை அன்றைக்கு நான் மீறினேன். வாழ்க்கையில் நான் செய்த சில நல்ல காரியங்களில் அது ஒன்று. கோப்பைத் திறந்து அவர் தாளை எடுத்தேன்.

கிழமை கேட்டதற்கு வெள்ளி என்று சொன்னீர்கள், அன்றைக்கு வியாழன் என்றேன்.

"மக்ரிபு தொழுதுட்டுதானேம்மா வந்தேன். மக்ரிபு ஆனா வெள்ளி ராவு வந்துடுதே" என்றார். அதில் வாதாட என்ன இருக்கிறது என்பது போல் இருந்தது அவர் குரல்.

எனக்கு உடனே ஓடவில்லை. ரூஹிக்கு ஓடிவிட்டது. பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்ததும் அடுத்த நாள் பிறந்துவிடும். நாம் வியாழக்கிழமை இரவு என்பதை அவர்கள் வெள்ளி ராவு என்பார்கள். அவளும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் சொல்லி வளர்ந்திருக்கிறாள். அத்னானும் அப்படித்தான். கடிதத்தில் நோயின் பெயர்தான் இருந்ததே தவிர, எந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னார் என்று ஒரு வரி இல்லை. எனவே யாருக்கும் தோன்றவில்லை.

ரூஹி தாளை என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"பதிமூணுதான் மேடம் அது. நாகூரார் பிறை பதிமூணு. சந்தனக்கூடு ஆயி மூணாம் நாளு. இவர் சொன்னா தப்பாவுமா? பள்ளிவாசல்லயே இவர கேட்டுத்தான் பிறை சொல்வாங்க."

அப்புறம்தான் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. நாகூர் கந்தூரி நடக்கிற மாதம் என்பதால் அது கந்தூரி மாதம். இஸ்லாமியக் கணக்கில் வருடம் ஆயிரத்து நானூற்று இருபது. நாம் தொண்ணூற்றொன்பது என்று சுருக்குவதுபோல் அவர் இருபது என்றிருக்கிறார். ஒவ்வொரு மாதமும் இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் மொட்டைமாடியில் ஏறி, துறைமுகத்துப் புகைக்கு நடுவில் பிறையைத் தேடிப் பார்த்துச் சொல்கிறவர் இவர். துறைமுகத்தில் இருந்தவரை இங்கிலீஷ் தேதிக்கு ஓடினேன், ஓய்வு பெற்ற பிறகு எனக்கு எதற்கு அது என்று அந்தக் காலண்டரையே விட்டுவிட்டிருக்கிறார். ராயபுரத்தில் அந்த ஒரு மனிதருக்குத் தேதி தெரியாது என்று எழுதிக் கொடுத்தவள் நான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர். அப்பாடா என்ற சொல்லுக்கு அன்றைக்குத்தான் எனக்கு முழு அர்த்தம் தெரிந்தது. ரூஹியும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள், அழுதாள். பாய் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லியா?" என்றார். இல்லை பாய் என்றேன். மறுபடியும் அதையே கேட்டார். மூன்றாவது முறை கேட்டபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அதற்குப் பிறகுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

நிம்மதியெல்லாம் அந்த அறையோடு சரி. அத்னான் நம்ப வேண்டுமே. இங்கிலீஷில் சீல் வைத்து வந்த கடிதத்தை வாயால் அழிக்க முடியாது. அதற்கும் இங்கிலீஷில், சீலோடு ஒரு கடிதம் வேண்டும். திங்கட்கிழமை காலைக்குள் வேண்டும். நடுவில் இருப்பது தீபாவளி.

அன்றிரவு வீட்டில் மற்றத் தாள்களையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். மறதி நோய் சந்தேகம் என்று நாங்கள் குறித்தவர்கள் மொத்தம் நாற்பத்தொரு பேர். அதில் பதினேழு பேர் ராயபுரம், வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் உள்ள முஸ்லிம்கள். பதினேழு பேரையும் சோதித்தது ஆறு மணிக்கு மேல். என் சைபர் மட்டும் இல்லை, மற்ற மூன்று பேர் போட்டதும் அதே சைபர்தான்.

மறுநாள் ஊரெல்லாம் வெடிச் சத்தம். நாங்கள் பௌத்தர்கள், எங்கள் வீட்டில் தீபாவளி கிடையாது. டாக்டர் வேதமாணிக்கம் கிறிஸ்தவர். ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். சென்னையில் அன்றைக்கு வேலை பேசக் கூடிய இரண்டு பேர் நாங்களாகத்தான் இருந்திருப்போம். தாள்களை அவர் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். அவர் முதலில் கோபப்பட்டார். சோதனைத் தாளை வீட்டாருக்குக் காட்டியது தப்பு என்றார். கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது, வெளிநாட்டிலிருந்து கேட்க வருகிறார்கள், இந்த நேரத்தில் எண்ணை மாற்றினால் என்ன நினைப்பார்கள் என்றார். எனக்கும் கோபம் வந்தது. மாநாட்டுக்கு ஆரோக்கியமான மூப்பு என்று பெயர் வைத்துவிட்டு ஆரோக்கியமாக இருந்தவரை நோயாளியாக்கிப் பூட்டி வைத்திருக்கிறோம், முதலில் அதைத் திறந்துவிடுங்கள், கட்டுரையை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன்.

அவர் பதினேழு தாள்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கேள்விகளை வெளிநாட்டுத் தாளிலிருந்து அப்படியே தமிழாக்கியவர் அவர்தான். நாற்பது வருடமாக இதே ராயபுரத்தில் வைத்தியம் பார்க்கிறேன், வெள்ளி ராவு என்று ஆயிரம் முறை காதால் கேட்டிருக்கிறேன் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு பையை எடுத்தார், குடையை எடுத்தார், வா என்றார்.

நாங்கள் போனபோது அத்னான் தீபாவளி வியாபாரக் களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பி எதிரில் உட்கார வைத்தோம். டாக்டர் கேட்டார், பாய் பதில் சொன்னார். இங்கிலீஷ் காலண்டர்படி என்ன கிழமை, என்ன தேதி? ஞாயிறு, நவம்பர் ஏழு. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னதற்கு, டாக்டர் தாளில் எழுதி முடிப்பதற்குள் அவர் இரண்டு வரை இறங்கிவிட்டார். மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி, பத்து நிமிடம் ஊர்க்கதை பேசிவிட்டுத் திரும்பக் கேட்டார், மூன்றையும் சொன்னார். டாக்டர் அங்கேயே கடிதம் எழுதினார். இங்கிலீஷில் ஒன்று, தமிழில் ஒன்று. சீல் வைத்தார். முன்பு அனுப்பிய கடிதம் எங்கள் தவறு என்று தமிழில் எழுதியதை வாய்விட்டுப் படித்தும் காட்டினார்.

அத்னான் எழுந்து போய் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தான். வாப்பாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவர் பையில் குத்தியிருந்த சீட்டை எடுத்தான். ஊசி சிக்கிக்கொண்டது, எடுக்க நேரமானது.

"பயந்துட்டேன் வாப்பா" என்றான்.

"நானுந்தான்டா" என்றார் பாய்.

அதற்குப் பிறகு பதினேழு வீட்டுக்கும் நான் போனேன். பகலில் போனேன், எந்தக் காலண்டர் என்று சொல்லிக் கேட்டேன். பதினைந்து பேர் நன்றாக இருந்தார்கள். இரண்டு பேருக்கு உண்மையிலேயே நோய் இருந்தது. அவர்களுக்கு மருந்து தொடங்கினோம். டாக்டர் கட்டுரையைத் திரும்ப வாங்கி, நாங்கள் செய்த தப்பையே மாநாட்டுக்கு எழுதினார். பாயை மேடைக்கு அழைக்க என்னை அனுப்பினார்கள். மாநாடு நடக்கிற வாரம் ரமலான். நோன்பு நாளில் நட்சத்திர ஓட்டலில் எனக்கென்ன வேலை என்று பாய் சிரித்தார். அவர் சொன்னதும் சரிதான்.

பிப்ரவரியில் அவர் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் பார்க்கப் போனேன். வீடு நிறைய ஆட்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவரிடம் எல்லோரும் வந்து, அங்கே எனக்காக இறைவனிடம் துஆ கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார்களாம். கூட்டம் குறைந்த பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். உன் பேரையும் சொல் என்றார். நாங்கள் பௌத்தர்கள் பாய், எங்கள் வழக்கம் வேறு என்றேன்.

"அத்த நான் கேக்கலியே. பேரு, அம்மா பேரு, இன்னா வேணும். அவ்ளோதான்."

யசோதரா என்றேன். அம்மா பெயர் மலர்க்கொடி. எனக்கு ஒன்றும் வேண்டாம், அம்மாவுக்கு முட்டிவலி தீர்ந்தால் போதும் என்றேன். உன்னோடு அறுபத்துநாலு பேர் என்று எண்ணிக்கொண்டார். எல்லாரையும் ஒரு தாளில் எழுதித் தரட்டுமா என்று பேனாவை எடுத்தேன்.

"வாணாம். மனசுலயே கீது. அங்க யாருக்கோசரம் வந்தேன்றதே மறந்துட்டா இன்னா பண்றதுன்னுதான் அந்த மூணு வாரமும் பயந்துக்கினு இருந்தேன். மெக்காவ பாக்காட்டிகூட பரவால்ல, அங்க போயி நின்னுக்கினு இவ பேரு வாயில வர்லன்னா?"

இவள் என்று அவர் சொன்னது ஜீனத்தை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். முதல் பெயர் ஜீனத். அடுத்து மகள்கள், பேரப்பிள்ளைகள், ராசையாவின் கண் ஆபரேஷன், பக்கத்து வீட்டு ராஜாத்தி மகனின் வேலை, பால்காரர், பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார், டாக்டர் வேதமாணிக்கம். பெயர், தாய் பெயர், வேண்டுதல் என்று ஒவ்வொன்றாக, நிறுத்தாமல். அத்னான் கதவோரம் வந்து நின்றான். கடைசியில் யசோதரா, மலர்க்கொடி, முட்டிவலி என்று முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். பழக்கதோஷம், நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். அறுபத்துநாலு, சரியாக இருந்தது.